கெடு தவறியவர் யார்?

கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்முடைய நகரத்துக் கனவான்கள் சிலர் ஒரு வார்த்தையைத் தவறாமல் எடுத்து வீசுகிறார்கள். "தோட்டத்து ஜனங்களுக்குப் பொறுப்பில்லை. ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தால் போவதில்லை. கொடுத்த மாத்திரையைத் தின்பதில்லை. பிறகு காலை வெட்டினார்கள், கண் போயிற்று, சிறுநீரகம் கெட்டது என்று அழுகிறார்கள்" என்பதே அவ்வார்த்தை. ஆஸ்பத்திரிக் கணக்கிலும் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. குறித்த நாளில் வாராத நோயாளி 'டிஃபால்ட்டர்', அதாவது கெடு தவறியவர். வட்டிக்கடையில் கடனைத் திருப்பிக் கொடாதவனுக்கு என்ன பெயரோ அதே பெயர்! நாம் இவ்வாரம் கேட்பது ஒரே கேள்வி. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஜொகூர் நாட்டில் கெடு தவறியவர் யார்?

முதலில் நடந்ததைச் சொல்லுவோம். 2020 மார்ச்சு 16-ஆம் தேதி, ஜொகூர்க்காரராகிய அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதி அஃது அமுலுக்கு வந்தது. சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவரே செல்லலாம் என்றும், 10 கிலோமீட்டருக்குள் வாங்கித் திரும்ப வேண்டுமென்றும் விதிகள் பிறந்தன. சாலைகளில் போலீசாரும் பட்டாளத்தாரும் நின்றனர். ஆணை அமுலான அன்றே சிங்கைக்குப் போகும் கடற்பாலமும் அடைபட்டது. மார்ச்சு 27-ஆம் தேதி, நாட்டிலேயே முதன்முறையாக, நம் குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கத்தில் டத்தோ இப்ராஹிம் மஜிட் கம்பத்தையும் அதனை அடுத்த புதுக் குடியிருப்பையும் வளைத்து, உள்ளிருந்தவர் வீட்டைவிட்டு வெளிவரலாகாதெனக் கடுங்கட்டுப்பாடு விதித்தனர். ஆஸ்பத்திரிகளில் அவசரமல்லாதவை எனக் கருதப்பட்ட அறுவைச் சிகிச்சைகளும் கிளினிக்கு நாட்களும் தள்ளிவைக்கப்பட்டன. மனநோயாளர்க்கென 1930-களில் எழுந்த தம்போய்ப் பெர்மாய் ஆஸ்பத்திரியும் தொற்று நோயாளரை ஏற்கும் இடமாயிற்று.

இவற்றைக் குற்றமென்று நாம் கூறவில்லை. தொற்றைத் தடுக்கச் சர்க்கார் கை கட்டியிருந்தால் அதற்காகவும் நாமே கண்டித்திருப்போம். டாக்டர்களும், மிஸ்ஸிகளும், மருந்து கொடுப்போரும் உயிரைப் பணயம் வைத்து உழைத்ததை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் 'அவசரமல்லாதவை' என்னும் சொல்லைச் சற்றே உற்று நோக்குங்கள். இனிப்பு நீர் ஒரே நாளில் ஆளைக் கொல்வதில்லை. ஆகையால் அஃது அவசரமன்று. இரத்தக் கொதிப்பு, கையும் காலும் இழுத்துக்கொண்டு மனிதன் விழும் வரையில் அவசரமன்று. விழுந்த பின்னரே அவசரம். மெதுவாகக் கொல்வதனாலேயே ஒரு வியாதி பின்வரிசைக்குத் தள்ளப்படுமாயின், அந்த வரிசையில் முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று கேட்க நமக்கு உரிமையில்லையா?

பின்னால் நிற்பவர் யாரென்பதைச் சர்க்காரின் சொந்தக் கணக்கே சொல்லுகிறது. கொள்ளைநோய் வருவதற்கு முந்திய ஆண்டாகிய 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் பிரித்தெடுத்தால் நூற்றுக்கு 31 பேர்! மூவரில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். மேலும், நோயுள்ளவரில் ஏறத்தாழச் சரிபாதியினர் தமக்கு அந்நோய் உண்டென்பதையே அறியாதிருந்தார்கள். இரத்தக் கொதிப்போ நூற்றுக்கு 30 பேருக்கு. இவ்வளவு பெரிய கூட்டம் கிளினிக்கு வாசலில் நிற்கும் நாளிலேதான் கதவு பாதி சாத்தப்பட்டது.

இனி, நாம் நேரில் கேட்டறிந்த ஒரு வரலாறு. குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நாற்பதாண்டுக் காலம் பால்மரம் வெட்டியும், பின்னர்ச் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்த முதியவர் அவர். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகன் சிங்கையில் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை. கிளினிக்கு அட்டையில் அவருக்குக் குறித்திருந்த நாள் மார்ச்சு மாதக் கடைசி வாரம். கிளினிக்கிலிருந்து 'நாள் தள்ளிப்போயிற்று. மருந்தை மட்டும் வந்து வாங்கிக்கொள்க' என்று தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். அழைத்த எண் மகனுடையது. கடற்பாலத்துக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்ட மகனோ அந்த எண்ணைக் கழற்றி வைத்துவிட்டுச் சிங்கை எண்ணைப் போட்டிருந்தான். மூன்று முறை அழைத்தார்களாம்; எவரும் எடுக்கவில்லையாம். முதியவர் பெயருக்கு நேரே கெடு தவறியவர் என்று எழுதியாயிற்று.

மருந்து தீர்ந்தது ஏப்ரல் நடுவில். தீருமுன்பே அவர் செய்த உபாயம், நம் வீடுகளில் பலர் செய்ததுதான். ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டார். அரை மாத்திரையும் தீர்ந்தபின் பக்கத்து வீட்டுக்காரர் தம் மாத்திரையில் நான்கைந்து கொடுத்தார். அவை வேறு அளவின. அதன்பின் கைத்தொலைபேசியில் வந்த வைத்தியம் தொடங்கிற்று. பாகற்காய்ச் சாறு, வேப்பிலை, வெந்தயம், இன்னும் என்னென்னவோ. ஜூன் மாதம் கட்டுப்பாடு தளர்ந்தது, சாலை திறந்தது. அப்பொழுதாவது போகலாகாதா என்று நாமும் கேட்டோம். முதியவர் சொன்ன விடை நம்மைத் தலை குனிய வைத்தது. "நாள் தவறிப் போச்சு தம்பி. மிஸ்ஸி ஏசுவாங்க. நாலு பேர் முன்னால ஏச்சு வாங்கணுமேன்னு கூசிச்சு." ஜூலையில் செம்பனை முள் குத்திற்று. உணர்ச்சியற்ற கால், ஆகவே வலி தெரியவில்லை. நாற்றம் தெரிந்தபின் அயலார் தூக்கிக்கொண்டு போனார்கள். செப்டம்பரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தோழர்களே! இம்மனிதர் எந்தக் கெடுவைத் தவறினார்? நாற்பதாண்டுகள் விடியற்காலைப் பெரட்டுக்கு ஒரு நாளும் தவறாதவர் இவர். தவறியது ஒரு தொலைபேசி எண். தவறியது ஒரு கடிதம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மனிதன் மோட்டார் சைக்கிளில் ஏறி லயத்துக்கு வந்து, 'ஐயா, மருந்து இருக்கிறதா?' என்று கேட்கத் தவறினான். அந்த ஒருவன் யாராயிருந்திருக்க வேண்டும் என்பதே வழக்கு.

சட்டமே தடுத்ததென்று சிலர் கூறுவர். அஃது உண்மையன்று. வைத்தியத்திற்காகச் செல்வோர்க்கு விதிவிலக்கு இருந்தது. அருகே கிட்டாத மருந்துக்காக 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் போகலாம். அட்டையைக் காட்டினால் போலீசார் விடுவார்கள். ஆனால் அதனை யார் சொன்னார்? எந்த மொழியிற் சொன்னார்? சாலைத் தடுப்பில் துப்பாக்கியோடு நிற்பவரைக் கண்ட கிழவிக்கு விதிவிலக்கு என்னும் சொல் நினைவுக்கு வருமா? விதி அனுமதித்தாலும் பஸ்ஸு வேண்டாமா? தோட்டத்து முகப்பிலிருந்து பெருஞ்சாலைக்கே மூன்று நான்கு மைல். ஒரு வாடகைக் கார் பிடித்துப் போய்வரும் செலவில் ஒரு வாரம் அடுப்பெரியும்.

மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடும், காரிலிருந்து இறங்காமலே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் சர்க்கார் மருந்தகங்களில் இருந்தன. நல்ல ஏற்பாடுகளே, நகரத்து நண்பர் பலர் அவற்றால் பயனடைந்தனர். ஆனால் காரிலிருந்து வாங்கக் கார் வேண்டும். தபாலில் வாங்க மேல்விலாசம் வேண்டும். லயத்து வீட்டுக்கு ஏது விலாசம்? கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணியார் கண்ணிற் பட்டால் கைக்கு வரும். தடுப்பூசிக்குப் பெயர் பதியவும் முதற்கண் கைத்தொலைபேசியே வழியென்று காட்டினார்கள். 2021 ஏப்ரல் முதல் முதியோர்க்கும் நாட்பட்ட நோயாளர்க்கும் முறை வந்தபோது, பேரப்பிள்ளை உள்ள வீடு பதிந்தது. இல்லாத வீடு காத்திருந்தது. ஏற்பாடு செய்தவன் தன்னைப் போன்றவனையே மனத்தில் வைத்துச் செய்கிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கடற்பாலத்தின் கதை இன்னும் கொடியது. கொள்ளைநோய்க்கு முன் நாள்தோறும் அதைக் கடந்து வேலைக்குப் போன மலேசியர் இலட்சக்கணக்கினர். மாசாயிலும், தம்போயிலும், கூலாயிலும், ஸ்கூடாயிலும் வீடு, சோறு சிங்கையில். காலையில் போய் இரவில் திரும்பிய மகனே தாயின் மாத்திரையை எடுத்து வைத்தவன், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன். ஒரே இரவில் அவன் அக்கரையனாகிவிட்டான். 2020 ஆகஸ்டு 17-ஆம் தேதி வேலைக்காரர்க்கென ஒரு வழி திறந்தார்கள். அதிலும் வேலைத்தலத்தில் 90 நாட்கள் தங்கிய பின்னரே வீடு வரலாம். வந்தபின் தனித்திருக்க வேண்டும். 2021 நவம்பர் 29 வரையில் தரைவழியே தனிமையின்றிப் போக்குவரவு இல்லை. முற்றாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. இரண்டாண்டு! பணம் அனுப்பினான் மகன், மறுக்கவில்லை. பணம் இன்சுலின் ஊசியைப் போடுமா? கண் மங்கிய தாய் ஊசிக் குழலிலுள்ள எண்ணை எப்படிப் படிப்பாள்?

நிற்க. தோட்டத்து வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொழிலாளர் சட்டம் முதலாளிகள்மேல் ஆஸ்பத்திரிக் கடமையை ஏற்றியது. இரக்கத்தால் அன்று, ஆள் செத்தால் பால் வெட்ட ஆளில்லை என்பதால். 1918-ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் நம்மவரை எப்படி வாரிக்கொண்டு போயிற்றென்பதை மூத்தோர் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாஸ்பத்திரிகளின் இலட்சணத்தை நாம் புகழ வரவில்லை. எந்த வியாதிக்கும் ஒரே வெள்ளை மருந்து என்று கேலி பேசியவரும் நம்மவரே. ஆயினும் டிரெசர் என்று ஒருவர் இருந்தார். எந்த லயத்தில் எவனுக்குக் காய்ச்சல், எவளுக்குப் பேறுகாலம் என்பது அவருக்குத் தெரியும். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீட்டுமனையாயிற்று. பல இடங்களில் டிரெசரும் போனார், அவரது அறையும் போயிற்று. 1990-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வந்தது. வீடு, சுகாதாரம், ஆஸ்பத்திரி என்றெல்லாம் அது பேசுகிறது. ஆனால் அது பேசுவது வேலையிலிருப்பவனைப் பற்றி. வேலை ஓய்ந்து, லயத்தின் கோடியிலோ பக்கத்துத் தாமானின் அடுக்கு வீட்டிலோ ஒதுங்கிக் கிடக்கும் கிழவன் எந்தச் சட்டத்தின் பிள்ளை? இன்று வெளிக்காட்டில் குலை அறுப்போர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும். அவர்களுக்கு முன் அவ்வேலையைச் செய்து தேய்ந்தவர்களைத் தோட்டத்து ஏடு மறந்துவிட்டது. அடையாள அட்டையே இல்லாமலும், சிவப்பு அட்டையோடும் கிடக்கும் நம்மவரின் கதி இன்னும் ஒரு படி கீழே. நாட்டிற் பிறந்தும் அட்டையில்லாதவன் அன்னியன் செலுத்தும் கட்டணத்துக்கு அஞ்சி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை.

சர்க்காரையும் முதலாளியையும் மட்டும் சாடிவிட்டு நம் முதுகை நாமே தட்டிக்கொள்ள நாம் எழுத வரவில்லை. நம் சங்கங்கள் என்ன செய்தன? உதவிப் பொட்டலம் கொடுத்தன. கொடுத்ததைப் படம் பிடித்தன. பொட்டலத்தை அவிழ்த்துப் பார்ப்போம்: வெள்ளையரிசி, கோதுமை மாவு, இரண்டு கிலோ சீனி, டின்பால், இனிப்பு பிஸ்கட்டு, மேகி. மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீருள்ள சமூகத்துக்கு இந்தச் சீர்வரிசை! பசித்தவனுக்குக் கிடைத்ததைத் தின்பதன்றி வழியேது? தின்றான். மருந்து இல்லாத மாதத்தில் சீனியும் டின்பாலும் உண்டான். ஒரு கிலோ பயறும், ஒரு பெட்டி கருவாடும், 'உன் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது?' என்ற ஒரு கேள்வியும் அப்பொட்டலத்தில் வைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்?

இலைச்சாற்று வைத்தியத்தைக் கைத்தொலைபேசியில் பரப்பிய புண்ணியவான்களையும் நாம் விட முடியாது. பாகற்காய் தின்பதை யாரும் தடுக்கவில்லை, நன்றாய்த் தின்னட்டும். 'இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடி' என்று எழுதியவன் எவனோ அவன் கையில் எத்தனை கால்விரல்களின் கணக்கு இருக்கிறதென்று அவனே அறியான். பரம்பரை வியாதி என்று பெருமைபோலச் சொல்லிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. 'எங்கப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கோப்பைத் தேநீரில் டின்பாலை ஊற்றுகிறவனை எந்தச் சர்க்கார் காப்பாற்றும்? பெண்கள் செய்வது வேறு வகை. வீட்டுக்கு ஒருவரே வெளியே போகலாமென்ற நாளில், புருஷனின் மருந்துக்கும் பிள்ளையின் பாலுக்கும் ஆள் போயிற்று. தன் மருந்து தீர்ந்ததை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதைப் பொறுமையென்று மேடையிற் பாடுகிறோம். அதன் பெயர் பக்கவாதம்.

தள்ளிவைக்கவே முடியாத நோயாளர் ஒரு சாரார் இருந்தனர். சிறுநீரகம் செயலற்று டயலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பில் உயிர் வாழ்வோர். இந்நாட்டில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களை அந்நிலைக்குக் கொண்டுவந்த காரணங்களில் முதலிடம் இனிப்பு நீருக்கே. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். இரண்டு முறை தவறினால் நெஞ்சில் நீர் கோக்கும்; இரத்தத்தில் உப்பேறி இருதயம் நிற்கும். 'வீட்டிலேயே இருங்கள்' என்று நாடு முழுதும் முழங்கிய நாளில், வீட்டிலிருந்தால் சாவு என்றிருந்தவர் இவர்கள். போனால் தொற்று, போகாவிட்டால் மரணம். தொற்றென்று ஐயம் எழுந்தால் வழக்கமான நிலையத்தில் இடமில்லை. ஆஸ்பத்திரியில் இடந்தேட வேண்டும். இருந்தும் பெரும்பாலான நிலையங்கள் ஒரு நாளும் மூடாமல் நடந்தன. நாம் கேட்கிறோம்: அந்த இயந்திரத்துக்கு வரும் முன்னரே ஒரு மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாத நாட்டில், இயந்திரங்களை எத்தனை வாங்கி அடுக்குவது?

'உலகமெங்கும் இதே கதிதானே' என்பர். ஆம், உலகமெங்கும்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதம் வெளியிட்ட விசாரணையில், 155 தேசங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இரத்தக் கொதிப்பு வைத்தியமும், ஏறத்தாழப் பாதியில் நீரிழிவு வைத்தியமும் ஓரளவோ முழுமையாகவோ தடைப்பட்டன. ஊர் முழுதும் தீப்பிடித்ததென்பது நம் கூரையில் நீர் ஊற்றாமைக்குச் சமாதானமாகுமா? சிம்பாங் ரெங்கத்தில் வளைக்கப்பட்ட அவ்விரு இடங்களுக்கும் சர்க்காரே உணவு கொண்டுபோயிற்று. மருத்துவ ஏற்பாடும் செய்தது. மனம் வைத்தால் வாசல் வரையில் வர முடியுமென்பதை அதுவே காட்டிவிட்டது. வேலியிட்ட ஊருக்கு வந்த வண்டி, வேலியில்லாத தோட்டத்துக்கு ஏன் வரவில்லை?

வந்த வண்டி ஒன்றையும் சொல்லுவோம். இன்னொரு தோட்டத்தில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு டயர்க் கடையில் வேலை செய்த ஒரு பையன். கடை மூடியதால் சும்மா இருந்தான். பாட்டிக்கு மருந்து வாங்கப் போகையில், பக்கத்து வீட்டாரின் அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அடுத்த முறை பதினான்கு அட்டைகள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கோடிட்டு, பெயர், மருந்து தீரும் நாள், அடுத்த நாள், யாரை அழைப்பது என்று எழுதி வைத்தான். சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். பதினான்கு அட்டைகளையும் விசிறிபோல் விரித்துக் காட்டினான். போலீஸ்காரர் சிரித்துவிட்டு விட்டாராம். மருந்தகத்திலும் முதலில் தயங்கினார்கள். இரண்டாம் முறை அவன் முகமே அட்டையாயிற்று. அத்தோட்டத்தில் ஒருவரும் மருந்தின்றி இருக்கவில்லை. சங்கமில்லை, தலைவரில்லை, மாலையில்லை, படமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பெட்ரோல் செலவும்தான். அப்பெட்ரோலுக்குக்கூட வீட்டுக்கு ஒரு வெள்ளி தண்டித்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் கோருவது பெரிய காரியமன்று. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு அடுக்கு வீட்டிலும் அப்படியொரு நோட்டுப் புத்தகம் இருத்தல் வேண்டும். ஆலயக் கமிட்டியும் இளைஞர் மன்றமும் அதைத் தம் கணக்குப் புத்தகம்போல் பேண வேண்டும். கிளினிக்கு அட்டையில் ஒரு தொலைபேசி எண்ணுக்கு இரண்டு எண்கள் எழுதப்பட வேண்டும். இரண்டாவது எண் ஊரில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். அழைத்து எடுக்காதவர் பெயருக்கு நேரே கெடு தவறியவர் என்றெழுதும் முன், ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். அனுப்ப ஆளில்லையென்றால் தோட்டத்து ஆபீசுக்குச் சொல்லட்டும்; வேலை ஓய்ந்தவரின் பெயர்ப்பட்டியலை ஆபீசு வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். பொட்டலம் கொடுக்கும் தர்மவான்கள் சீனியைக் குறைத்துப் பயறைக் கூட்டட்டும். இவற்றில் எதற்கும் கோடி வெள்ளி வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் 5-ஆம் தேதி அவசர நிலையை விலக்கிவிட்டது. அவசரம் தீர்ந்ததென்று நம்மவரும் துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வெள்ளம் வந்து சிகாமட்டும் கோத்தா திங்கியும் மூழ்கும்போதும் மருந்து தீரத்தான் போகிறது.

குளுவாங் முதியவரை மறுபடியும் சென்று கண்டோம். சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்திருந்தார். மகன் திரும்பிவந்து கூலாயில் வேலை பார்க்கிறான். வாரம் ஒரு முறை வருகிறான். அட்டையை வாங்கிப் பார்த்தோம். இப்போதெல்லாம் நாள் தவறாமல் போகிறார்; முத்திரைகள் வரிசையாக இருந்தன. தொலைபேசி எண் எழுதுமிடத்தில் மகனுடைய அந்தப் பழைய எண்ணே இருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணின் எண்ணைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அட்டையோடு சேர்த்துத் தைத்து, அடுத்த முறை மிஸ்ஸியிடம் காட்டி மாற்றிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தோம்.